5ஜி என்று எழுதிய போனில் 4ஜி மட்டும்: 2022 அக்டோபரில் எங்கே இடித்தது?

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை. டெல்லி பிரகதி மைதானத்தில் நடந்த இந்திய மொபைல் காங்கிரஸில் பிரதமர் 5ஜி சேவையைத் தொடங்கி வைத்தார். ஏர்டெல் எட்டு நகரங்களை அறிவித்தது. சென்னையும் அதில் ஒன்று. ஜியோ அக்டோபர் 5, தசரா அன்று, டெல்லி, மும்பை, கொல்கத்தா, வாரணாசியில் சோதனை ஓட்டத்தை ஆரம்பித்தது. சென்னைக்கு ஜியோவின் 5ஜி வந்தது அக்டோபர் 22-ல்.

5ஜி போன்களோ இதற்கு வெகுநாள் முன்பே கடைக்கு வந்துவிட்டன. ரியல்மி எக்ஸ்50 ப்ரோ 2020 பிப்ரவரி 24-ல் இந்தியாவின் முதல் 5ஜி போன் என்ற விளம்பரத்தோடு இறங்கியது. மறுநாளே ஐக்கூ 3. அந்த வருடக் கடைசியில் ஐபோன் 12. 2021-ல் பதினைந்தாயிரம் ரூபாய் போன்கள்கூடப் பெட்டியில் 5ஜி என்று பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தன. நாட்டில் 5ஜி டவரே இல்லாத காலத்தில், பின்னால் உதவும் என்று நம்பிக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். அந்தப் பின்னால் வந்தே விட்டது. வந்த அன்று அவர்களில் பலர் திரையில் பார்த்தது 4ஜி என்ற எழுத்தைத்தான்.

ஐபோன் 12, 13, 14 வரிசைகள் முழுக்க, ஐபோன் எஸ்இ மூன்றாம் தலைமுறை, கூகுள் பிக்சல் 6ஏ, அந்த மாதமே விற்பனைக்கு வந்த பிக்சல் 7, சாம்சங்கின் பல மாடல்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வேடிக்கை என்னவென்றால், லட்ச ரூபாய் போன் முழித்துக்கொண்டிருந்தபோது, அதில் பாதி விலைகூட இல்லாத சில போன்கள் ஜம்மென்று 5ஜி பிடித்தன. தேவையான அலைவரிசை போனில் இருந்தது, சிப்புக்குத் திராணி இருந்தது, டவரும் இருந்தது. ஆனாலும் ஓடவில்லை.

ஏறக்குறைய இரண்டரை மாதம் இழுத்த இந்தக் குளறுபடியைப் பற்றிப் பேசும்போது, ‘டவர் சரியில்லை’, ‘சிம் பழசு’, ‘போன் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்று மூன்று காரணங்கள்தான் அதிகம் அடிபட்டன. மூன்றுமே பெரும்பாலான போன்களுக்குப் பொருந்தாது. உண்மையில் விடுபட்டிருந்தது போனுக்குள் இருக்க வேண்டிய ஒரு சின்ன ஃபைல். அதைப் போன் வாங்கியவர் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

ஒரே பெயர், இரண்டு வழி

முதலில் ஏலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த அலைக்கற்றை ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்தது. ஜியோ 88,078 கோடி, ஏர்டெல் 43,084 கோடி, வோடஃபோன் ஐடியா 18,799 கோடி. மூன்று கம்பெனிகளும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை வாங்கின. போன்களின் விவரப் பட்டியலில் என்78 என்று வருவது இதுதான். 700 மெகாஹெர்ட்ஸை, அதாவது என்28-ஐ, ஜியோ மட்டும் வாங்கியது. அதிர்வெண் குறைந்த அலை தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளறை வரை வரும். 3300 வேகம் தரும், ஆனால் இரண்டு சுவர் வந்தால் தளர்ந்துவிடும்.

இந்த ஒரு வித்தியாசம் ஜியோவையும் ஏர்டெலையும் இரண்டு பாதையில் கொண்டுபோய் விட்டது. ஏர்டெல் தேர்ந்தெடுத்தது என்எஸ்ஏ எனும் சார்பு முறை. இருக்கிற 4ஜி வீட்டின் மேலேயே ஒரு மாடி எழுப்புவது மாதிரி. போன் முதலில் 4ஜி டவரைப் பிடிக்கும். பேச்சு, கட்டுப்பாடு எல்லாம் அந்த வழியாகவே நடக்கும். டேட்டா வேகத்துக்காக மட்டும் 5ஜி அலை கூடச் சேரும். ஜியோ தேர்ந்தெடுத்தது எஸ்ஏ எனும் தனித்த முறை. அதில் 4ஜியின் துணையே கிடையாது. டவர்களுக்குப் பின்னணியில் இருந்து எல்லாவற்றையும் இயக்கும் கோர் நெட்வொர்க்கும் 5ஜிக்கென்றே புதிதாக அமைத்தது. ‘ட்ரூ 5ஜி’ என்று ஜியோ விளம்பரம் செய்தது இதைத்தான். தங்கள் முறைதான் அதிக போன்களில் ஓடும் என்பது ஏர்டெலின் பதில். இரண்டிலும் உண்மை இருந்தது, இரண்டிலும் வியாபாரமும் இருந்தது.

போன் வாங்கியவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பெட்டியில் இருந்தது 5ஜி என்ற ஒரே சொல். அது எந்த முறை, எந்த அலைவரிசை, எந்த நெட்வொர்க்கில் சோதித்தது என்று ஒரு வரி இல்லை.

சிம் போட்டதும் உள்ளே நடப்பது

போனில் சிம்மைச் செருகியதும், டவரோடு பேசும் சிப்பான மோடம் முதலில் அதிலுள்ள எண்ணைப் படிக்கிறது. நாம் பேசும் பத்து இலக்க எண் இல்லை. சிம்முக்குள் பதிந்திருக்கும் வேறொரு எண். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்த இலக்கங்கள் எந்தக் கம்பெனி, தமிழ்நாடு, கேரளா மாதிரி எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்று சொல்லும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு போன் தன் நினைவகத்தில் அந்தக் கம்பெனிக்கான அமைப்பு ஃபைலைத் தேடும். ஐபோனில் இதற்குப் பெயர் கேரியர் பண்டில். ஆண்ட்ராய்டில் கேரியர் கான்ஃபிக் என்று ஒன்று, மோடமுக்குள் அதற்கென்று இன்னொன்று.

அந்த ஃபைலில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. இந்த சிம்முக்கு வோல்டிஇ அழைப்பு, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, உண்டா? 5ஜி உண்டா? உண்டென்றால் சார்பு முறையா, தனித்த முறையா? எந்த 4ஜி அலைவரிசையோடு எந்த 5ஜி அலைவரிசையைச் சேர்க்கலாம்? ‘5ஜி உண்டு’ என்ற வரி அதில் இல்லையென்றால் மோடம் 5ஜியைத் திறக்காது. அதோடு நிற்பதுமில்லை. டவர் போனிடம் உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கும்போது, போன் 5ஜியைப் பற்றி வாயே திறக்காமல் 4ஜி திறமைகளை மட்டும் ஒப்பிக்கும். டவரைப் பொறுத்தவரை அது ஒரு 4ஜி போன். தவறு எங்கே என்று டவர் பக்கமிருந்து கண்டுபிடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அங்கே எந்தத் தவறும் பதிவாவதில்லை.

அன்றைக்குக் கஸ்டமர் கேருக்கு அழைத்தவர்களுக்குச் ‘சார், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற பதில் கிடைத்ததற்குக் காரணம் இது. அவர்கள் சொன்னது பொய்யில்லை.

என் சித்தப்பா மகன் சென்னையில் இருக்கிறான். அவன் கையில் இருந்தது 2021-ல் வாங்கிய ஒரு நடுத்தர விலைப் போன். அக்டோபர் கடைசியில் அழைத்தான்.

“அண்ணா, பக்கத்து வீட்டுப் பையன் போன்ல 5ஜி வருது. அதே கம்பெனி சிம்முதான். என்னோடதுல மட்டும் வரல. கடையில கேட்டா சிம்ம மாத்துங்கறாங்க.”

“சிம்மத் தொடாத. செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க் போய், நெட்வொர்க் டைப்புல என்னென்ன இருக்குன்னு மொதல்ல படி.”

4ஜி, 3ஜி, 2ஜி என்று படித்தான். 5ஜி என்ற வரியே அந்தப் பட்டியலில் இல்லை. துப்பு அங்கேதான் இருக்கிறது. வரி இருந்தும் சிக்னல் வரவில்லை என்றால் டவர், அலைவரிசை, ரீசார்ஜ் திட்டம் என்று வேறு பக்கம் தேடலாம். வரியே இல்லையென்றால், அந்தப் போனின் ஃபைலில் அந்த சிம்முக்கு இன்னும் 5ஜி எழுதப்படவில்லை. வேறு ஒன்றும் தேட வேண்டாம், அப்டேட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அவன் காத்திருக்கவில்லை. யாரோ சொன்னார்களென்று *#*#4636#*#* அடித்து, உள்ளே வந்த பட்டியலில் ‘என்ஆர் ஒன்லி’, அதாவது 5ஜி மட்டும் போதும், என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டான். இருந்த 4ஜியும் போய், சர்வீஸே இல்லை என்று காட்டியது. அவன் சிம் சார்பு முறை நெட்வொர்க்கைச் சேர்ந்தது. அங்கே 4ஜியைப் பிடிக்காமல் 5ஜிக்கு வழி கிடையாது. 4ஜியை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போன் அந்தரத்தில்தான் நிற்கும். அப்போது பலரும் பகிர்ந்துகொண்ட குறுக்குவழி இது. தனித்த முறையிலும் ஃபைல் அனுமதிக்காதவரை பெரும்பாலும் பலன் இருக்காது.

சிம் விஷயத்தையும் சொல்லிவிடலாம். ஏர்டெல், ஜியோ இரண்டுமே இருக்கிற 4ஜி சிம்மே போதும் என்று ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தன. ஆனாலும் ‘உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்ற இந்த லிங்க்கைத் தொடுங்கள்’ என்று மோசடிக் குறுஞ்செய்திகள் கிளம்பின. ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள் என்று பல நகரங்களில் போலீஸ் எச்சரிக்க வேண்டி வந்தது.

யார் எழுத வேண்டியது?

அந்த ஃபைலை எழுதுவது போன் கம்பெனி. ஆனால் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. நெட்வொர்க் கம்பெனியோடு சேர்ந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் எழுதும். 5ஜியிலிருந்து 4ஜிக்குத் தாவும்போது அழைப்பு அறுந்துபோகிறதா, ஓடும் ரயிலில் டவர் மாறினால் டேட்டா நிற்கிறதா, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது, அவசர எண் 112 எல்லா நிலையிலும் போகிறதா என்று பட்டியல் நீளும். ஆய்வுக்கூடத்தில் பாதி முடியும், மீதிக்கு நிஜமாக ஓடும் நெட்வொர்க் தேவை.

இந்தியாவில் அந்த நிஜ நெட்வொர்க் எப்போது கிடைத்தது? சோதனைக்கான அனுமதி 2021 மே மாதமே கொடுத்தார்கள். ஆனால் விற்பனைக்கான அலைக்கற்றை கைக்கு வந்தது ஏலம் முடிந்து, 2022 ஆகஸ்டின் நடுவில். தொடக்க விழா அக்டோபர் 1. நடுவில் ஆறு வாரம். இந்த அவகாசத்தில் டவரை நிறுவுவதா, ஒவ்வொரு மாடலையும் சோதிப்பதா? இயல்பாகவே டவர் முந்திக்கொண்டது.

பிறகு பழி சுமத்தும் படலம். நெட்வொர்க் கம்பெனிகள் கை காட்டியது போன் கம்பெனிகளை. ஆப்பிள் நெட்வொர்க் சோதனை முடிந்ததும் தருகிறோம், டிசம்பரில் ஆரம்பிக்கும் என்றது. சாம்சங் நவம்பர் நடுவுக்குள் என்றது. அக்டோபர் 12-ல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் மின்னணுத் துறையும் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அப்டேட்டை விரைவுபடுத்தச் சொல்லும் நிலை வந்தது. ஒரு மென்பொருள் அப்டேட்டுக்காக அரசு செயலர்கள் கூட்டம் போடுவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்றவை ஓரளவு சீக்கிரமாகவே முடித்ததற்கு என் கணிப்பில் காரணம் எளியது. அவர்களுக்கு இந்தியா பெரிய சந்தை. ஒரு மாடலுக்கு மட்டும் தனி அப்டேட்டை எப்போது வேண்டுமானாலும் தள்ளிவிடுவார்கள். ஆப்பிள் அப்படிச் செய்வதில்லை. உலகம் முழுக்கப் போகும் ஐஓஎஸ் பதிப்போடு சேர்த்துத்தான் கொடுக்கும். நவம்பர் இரண்டாம் வாரம் ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்களில் பீட்டா எனும் முன்னோட்டத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முதலில் கொடுத்தது. எல்லோருக்கும் வந்தது டிசம்பர் 13-ல், ஐஓஎஸ் 16.2-ல். பிக்சலுக்கு 2023 ஜனவரி அப்டேட் வரை ஆனது.

தாமதம் யார் குற்றம் என்று கேட்டால், ஆறு வாரத்தில் முடியாததை ஆறு வாரத்தில் முடி என்றது ஒரு பக்கம். ஆனால் இரண்டரை வருடமாக 5ஜி என்று சொல்லியே விற்றவர்கள், ‘இந்த வசதி பின்னர் வரும் மென்பொருள் அப்டேட்டைப் பொறுத்தது’ என்று பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய குறையாகப் படுகிறது. அவசரமாகத் தொடங்கினால் தடுமாற்றம் இருக்கும், அது புரிகிறது. இந்த ஒரு வரியைப் போட அவசரம் எதுவும் தடையாக இல்லை.

இதே கதை இந்தியாவில் ஒருமுறை நடந்து முடிந்தும் இருந்தது. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தபோது அதில் 2ஜியோ 3ஜியோ கிடையாது, வெறும் 4ஜி. 4ஜி போன் வைத்திருந்தவர்கள் சிம்மைப் போட்டதும் இன்டர்நெட் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் பல போன்களில் அழைப்பு மட்டும் போகவில்லை, ஏனென்றால் அவற்றில் வோல்டிஇ இல்லை. அதுவரை இருந்த 4ஜி நெட்வொர்க்குகள் அழைப்பு வந்ததும் போனை 2ஜி, 3ஜிக்கு இறக்கிவிட்டுச் சமாளித்தன. இறங்க இடமே இல்லாத நெட்வொர்க்கில் என்ன செய்வது? ஐபோன் 5எஸ் வைத்திருந்தவர்கள் உட்படப் பலர் ஜியோவின் தனி செயலி ஒன்றைப் போட்டு அதன் வழியாகப் பேசினார்கள். 4ஜி என்ற சொல் எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்று அப்போதே தெரிந்தது. ஆறு வருடம் கழித்து 5ஜி என்ற சொல்லிலும் அதே பள்ளம்.

அப்டேட்டால் தீராதவை

ஃபைல் வந்ததும் பெரும்பாலான போன்கள் சரியாயின. எல்லாம் சரியாகவில்லை. இங்கேதான் வன்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியம் வருகிறது.

என்78 மட்டும் இருந்து என்28 இல்லாத போன் ஜியோவில் ஓடும். வாசலில், மாடியில், சாலையில் அருமையாக வரும். உள்ளறைக்குப் போனதும் 4ஜிக்கு இறங்கிவிடும். 700-ஐப் பிடிக்கும் ஆன்டெனா, வடிகட்டி எல்லாம் போனைச் செய்யும்போதே வைத்திருக்க வேண்டியவை. எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது. அதேபோல் 2019-ல் வந்த போன்களில் இருந்த, சிப் கம்பெனியான குவால்காமின் எக்ஸ்50 மோடம் சார்பு முறைக்கு மட்டுமே. வெளிநாட்டில் வாங்கி வந்த அந்தக் காலத்துப் போனில் தனித்த முறை ஜியோவை எதிர்பார்க்க முடியாது.

சார்பு முறையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்கும் இது பிடிபடுவதில்லை. போன் எந்த 4ஜி அலைவரிசையில் நிற்கிறதோ, அதனோடு என்78-ஐச் சேர்த்துப் பிடிக்கும் கூட்டணி அந்தப் போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸோடு என்78 சேரும், 2300-ஓடு சேராது என்று ஒரு போன் இருந்தால், 2300-ல் நிற்கும்போது அதற்கு 5ஜி சேராது. ஒரே அறை, ஒரே டவர். காலையில் 5ஜி, மாலையில் 4ஜி. போன் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகத் தோன்றும். கூட்டணிப் பட்டியலை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போடுவதில்லை.

திரையில் தெரியும் 5ஜி எழுத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சார்பு முறையில் 4ஜி டவரே ‘இங்கே 5ஜி கிடைக்கக்கூடும்’ என்று ஒரு குறிப்பை ஒலிபரப்பும். சில போன்கள் அதைப் பார்த்ததுமே 5ஜி என்று காட்டிவிடும், டேட்டா ஓடிக்கொண்டிருப்பது 4ஜியிலாக இருந்தாலும். எழுத்து 5ஜி, வேகம் பழைய வேகம் என்ற புகார்களில் ஒரு பகுதி இப்படி வந்தது.

இரண்டு சிம் போடுகிறவர்களுக்குத் தனிச் சிக்கல். ஐபோன் 12 வந்த புதிதில் இரண்டு சிம்மும் வேலை செய்யும்போது 5ஜியே கிடையாது. 2021-ல் ஐஓஎஸ் 14.5 வந்துதான் அது தீர்ந்தது. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் டேட்டாவுக்குத் தேர்ந்தெடுத்த சிம்முக்கு மட்டும் 5ஜி கிடைக்கும். ஐபோனில் இன்னொரு விஷயம்: ஐஓஎஸ் 16.2-க்குப் பிறகு ஜியோ சிம் போட்டவர்கள் வாய்ஸ் அண்ட் டேட்டா பக்கத்தில் ‘5ஜி ஸ்டாண்டலோன்’ என்ற பொத்தானையும் பார்க்க வேண்டும். அது அணைந்திருந்தால் அப்டேட் செய்தும் 4ஜிதான்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆரம்ப மாதங்களில் சிலருக்கு ஜியோவில் வரவில்லை. காரணம், அது அழைப்பின் பேரில் நடந்த சோதனை. மை ஜியோ செயலியில் அழைப்பு வந்திருக்க வேண்டும், 239 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தகுதியான போன், தகுதியான ஊர், அழைப்பு இல்லை என்றால் 4ஜி.

இன்று புதிதாக வாங்கும் போன்களில் இந்த ஃபைல் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் போன்களில் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஐபோன் சிம்மைப் பார்த்து ஃபைலை எடுப்பதால் அமெரிக்காவில் வாங்கியதும் பெரும்பாலும் இங்கே ஓடிவிடும். ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. சில கம்பெனிகள் போனை விற்ற நாட்டுக்கான மென்பொருளைத்தான் அதில் வைக்கும். அதில் இந்திய சிம்முக்கு வோல்டிஇயோ 5ஜியோ எழுதாமல் விட்டிருந்தால், அலைவரிசை அத்தனையும் பொருந்தினாலும் பலனில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது ஆண்ட்ராய்டு போன் வாங்கி வருவதாகச் சொன்னால், அலைவரிசைப் பட்டியலோடு நிறுத்தாமல், அதே மாடலின் அந்த நாட்டுப் பதிப்பில் நம் சிம்மைப் போட்டுப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பது உத்தமம்.

மற்றபடி தடை ரீசார்ஜுக்கு நகர்ந்துவிட்டது. 2024 ஜூலை 3-ல் கட்டணம் ஏறியபோது, வரம்பில்லா 5ஜி தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஜியோவும் ஏர்டெலும் மாற்றிக்கொண்டன. அதற்குப் பிறகு, நேற்று வரை வந்த 5ஜி இன்று வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கடைசியாக எந்தத் திட்டம் போட்டீர்கள் என்பதைத்தான்.